மாமா என்றொரு பிழை

மாண்ட்ரியலின் டோர்வல் விமான நிலையத்தில், சுழன்று வரும் பெட்டிகளில் என்னுடையது எது என்று நான் கண்டுபிடிப்பதற்குள், மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் அதைத் தூக்கி என் காலடியில் வைத்துவிட்டார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "இருபது வருசமா இஞ்ச பெட்டி தூக்கிறன் தங்கச்சி. மூலையில ஊறுகாய் எண்ணெய் கசிஞ்சா அது மெட்ராஸ் பெட்டி," என்றார். குனிந்து பார்த்தேன். கசிந்துதான் இருந்தது. அவர்தான் அருளண்ணை. வேலை முடிந்த கையோடு என்னை வீட்டுக்குக் கூட்டிப்போகக் காத்திருந்தவர்.

நான் மதுரை வழக்கப்படி "அண்ணே" என்று கூப்பிட்டேன். காரில் ஏறுவதற்குள் இரண்டு தடவை திருத்திவிட்டார். "அண்ணை எண்டு சொல்லுங்கோ. அண்ணே எண்டா உங்கட படத்தில சண்டைக்குப் போற ஆள் மாதிரி கிடக்கு."

நான் சென்னையில் சப்டைட்டில் எழுதிப் பிழைக்கிறவள். கொரியாக்காரன் அழுதாலும் ஈரான்காரி சிரித்தாலும் திரையின் அடியில் இரண்டு வரித் தமிழ் ஓடுமே, அந்த வரிகளின் சொந்தக்காரி. பெயர் எங்கும் வராது, வந்தாலும் அதற்குள் தியேட்டரில் விளக்கைப் போட்டுவிடுவார்கள். அப்படிப்பட்டவளை மாண்ட்ரியலுக்குக் கூப்பிட்டால், பிப்ரவரி மாதம் என்று தெரிந்தும் யார்தான் மாட்டேன் என்பார்கள்? அங்கே ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயிலைச் சுற்றி வாழும் யாழ்ப்பாணத்து, மன்னார்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு திரைவட்டம் நடத்துகிறார்கள். வருடத்துக்கு ஒரு வெளிநாட்டுப் படத்தைத் தமிழ் சப்டைட்டிலோடு நகரத்துச் சின்னத் தியேட்டர் ஒன்றில் போடுவார்கள். இந்த வருடம் டென்மார்க் படம். பெயர் 'உப்புக் கிண்ணம்'. அதை எடுத்த பிர்கிதா அம்மாவே வருகிறார், தமிழில் எழுதின நீங்களும் வாருங்கள் என்றார்கள். வியாழக்கிழமை இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை படம். இதில் வருகிறவர்களின் பெயர்களை அவர்கள் கேட்டுக்கொண்டபடி மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

படத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பிழைப்புக்காகப் பார்க்கும் படத்தை நான் ரசிப்பதில்லை. நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிறவருக்குச் சாப்பாட்டில் ஆசை இருக்காது. ஆனால் இந்தப் படம் என்னை வேலையை மறக்க வைத்தது. கடலோரத்தில் ஒரு பண்ணை வீடு. அதில் லார்ஸ், அவர் மனைவி, இருபது வயது மகள் இடா. கூடவே லார்ஸின் தம்பி ஹென்ரிக், கல்யாணமாகாதவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் லார்ஸின் தங்கை காரென் சாப்பிட வருகிறார். அன்று மாலை ரயிலில் இடா வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறாள். அவித்த உருளைக்கிழங்கு, ஊறவைத்த மீன், கறுப்பு ரொட்டி. படம் முழுவதும் அந்த ஒரு சாப்பாடுதான்.

சாப்பாட்டின் நடுவில் ஹென்ரிக், "ஸ்டேஷனுக்கு நான் கொண்டுபோய் விடுகிறேன்" என்கிற மாதிரி ஒரு வரி சொல்கிறார். மேசையே நின்றுபோகிறது. உப்புக் கிண்ணத்தை அடுத்தவருக்குக் கொடுக்க நீட்டிய காரெனின் கை அந்தரத்தில் நிற்கிறது. ஒரு முழு நிமிடம் யாரும் அசைவதில்லை. பிறகு ஒருவரும் எதையும் விளக்காமல் மறுபடி சாப்பிடுகிறார்கள். கடைசியில் இடா பெட்டியோடு வாசலில் நிற்கிறாள். லார்ஸ் மேசையிலிருந்து எழவே இல்லை. அவள் அவரை "வர்றீங்களா?" என்று கேட்கிறாள். அவர் எழுகிறார். படம் முடிகிறது.

என் வீட்டு ஹாலில் தனியாக உட்கார்ந்து அந்த ஒரு நிமிடத்தைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏன் என்றுதான் தெரியவில்லை. அந்தச் சாதாரண வரிக்கு எதற்கு இத்தனை பேர் உறைய வேண்டும்? டென்மார்க்காரர்கள், அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு என்று விட்டுவிட்டேன். எனக்குக் கொடுத்திருந்தது ஆங்கிலப் பிரதி. அதில் இடா ஹென்ரிக்கை 'அங்கிள்' என்று கூப்பிடும் இடத்திலும், அவர் தன்னையே அப்படிச் சொல்லிக்கொள்ளும் இடத்திலும் 'மாமா' என்று போட்டு, நேரத்துக்கு அனுப்பிவிட்டேன்.

ரொக்ஸ்பரோவில் அருளண்ணையின் வீடு. வாசலில் கோட்டு, தொப்பி, கையுறை, பூட்ஸ் என்று ஒவ்வொன்றாகக் கழற்ற எனக்குக் கால் மணி நேரம் ஆனது. அருளண்ணையின் மனைவி திரேசக்கா இடியப்பமும் சொதியும் கணவாய்க் கறியும் எடுத்து வைத்தார். மதுரைக்காரிக்குக் காரம் ஒரு பொருட்டா என்று கேட்டிருந்தேன், அந்த வாயாலேயே கணவாய்க் கறியைச் சாப்பிட்டேன். "உறைப்புக் காணுமே?" என்றார் திரேசக்கா, காரம் போதுமா என்று. கண்ணில் தண்ணீர் ஓடத் தலையாட்டினேன்.

அவர்களுடைய ஒரே மகள் நிரோ. இருபத்தேழு வயது, கார்தெரியில் வேலை. சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு இங்கே அதுதான் பெயர். தோழிகளோடு பிரெஞ்சு, டிவியோடு ஆங்கிலம், அப்பாவோடு தமிழ். திரைவட்டத்தின் கம்ப்யூட்டர் வேலை முழுக்க அவள் கையில். என்னைப் பார்த்ததும் "வாங்கோ அன்ரி" என்றாள். ஆன்ட்டியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். வசதியான சொல். எந்த வழியில் உறவு என்று யாரும் கேட்க முடியாது.

வெள்ளிக்கிழமை தனியாக நகரத்துக்குக் கிளம்பினேன். பஸ் நிறுத்தத்திலேயே வழுக்கி விழுந்தேன். இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் ஓடிவந்து தூக்கிவிட்டு ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். மாலையில் அந்தச் சொற்களை நிரோவிடம் ஒப்பித்தேன். 'பென்குவின் மாதிரி நடங்கள்' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அப்படியே நடந்து பார்த்தேன். பிறகு விழவில்லை. மெட்ரோவிலிருந்து மேலே வந்தால், விறகு அடுப்பிலிருந்து சுடச்சுட எடுத்த பேகல் என்கிற வளைய ரொட்டி. உளுந்துவடைக்குத் தூரத்துச் சொந்தம் போல இருந்தது. தெரு முனையில் நின்று இரண்டு தின்றேன். வெயில் பளீரென்று அடிக்கிறது, சூடு மட்டும் இல்லை. வெயிலுக்கு இப்படியும் ஒரு குணம் உண்டு என்று இத்தனை வயதுக்குப் பிறகுதான் தெரிந்தது.

தியேட்டரில் எழுத்து சரியாகத் தெரிகிறதா என்று பார்க்கப் போனேன். உள்ளே இருக்கைகளுக்கு நடுவே இருந்த நடைபாதைப் படியில் ஒரு வயதான பெண் உட்கார்ந்து தன் கையுறையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். துப்புரவு வேலைக்கு வந்தவர் என்று நினைத்து ஒதுங்கி நடந்தேன். "தமிழ்க்காரி நீதானா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர்தான் பிர்கிதா. எழுபதைத் தாண்டியவர், நெடுநெடுவென்று உயரம். விமானத்தில் மூன்று படம் தூக்கத்தை மறந்து பார்த்தேன் என்று சிறுபிள்ளை போலச் சொல்லிக்கொண்டார்.

அவர் படம் எடுத்த விதமே வேறு. அந்தச் சாப்பாட்டை நடிகர்களே சமைத்தார்களாம், ஒன்பது நாள் தினமும். யாருக்கும் முழுக்கதை தெரியாது. அவரவர் மறைக்க வேண்டியது மட்டும் அவரவருக்குத் தெரியும். "கடைசி நாள் ஹென்ரிக்காக நடித்தவரைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரே ஒரு சொல்லை மாற்றிச் சொல்லச் சொன்னேன். மற்றவர்களிடம் சொல்லவில்லை. காரெனின் கை நடிப்பு இல்லை. அந்த அம்மாவின் கை தானாக நின்றது. ஒரே தடவைதான் எடுத்தேன். இரண்டாவது தடவை எடுத்தால் அது பொய்."

எந்தச் சொல் என்று நான் கேட்டிருக்க வேண்டும். எழுதினவளுக்கே தெரியவில்லை என்று காட்டிக்கொள்ள வெட்கமாக இருந்தது. எல்லாம் தெரிந்தவள் போலத் தலையாட்டி வைத்தேன்.

சனிக்கிழமை மதியம் அவரை அருளண்ணை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். பிர்கிதா இடியப்பத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இதைப் பின்னுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். திரேசக்கா இடியப்பம் பிழியும் உரலைக் காட்டியதும் தானும் ஒன்று பிழிவேன் என்று எழுந்து, முதல் இடியப்பத்தை மேசைவிரிப்பில் பிழிந்தார். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடுதான் நிரோ அவரிடம், அந்த ஒரு நிமிடம் எதற்காக எல்லோரும் நிற்கிறார்கள் என்று கேட்டாள்.

பிர்கிதா கரண்டியை வைத்தார். "எங்கே திரையிட்டாலும் இதைத்தான் கேட்கிறார்கள். எங்கள் மொழியில் அப்பாவுக்கு ஃபார். அம்மாவுக்கு மோர். சகோதரனுக்கு புரோர். அப்பாவின் சகோதரன் ஃபார்புரோர், அம்மாவின் சகோதரன் மோர்புரோர். படம் தொடங்கியதிலிருந்து இடா ஹென்ரிக்கை ஃபார்புரோர் என்கிறாள். லார்ஸின் தம்பி, அதனால் சரிதான். அன்றைக்கு மேசையில் அவர் வாய் தவறி, 'மோர்புரோர் கொண்டுபோய் விடுகிறேன்' என்று சொல்லிவிடுகிறார். அம்மாவின் சகோதரன். அப்படியென்றால் இடாவின் அம்மா யார்? ஹென்ரிக்குக்கு ஒரே ஒரு சகோதரிதான். காரென். இருபது வருடமாகக் குடும்பம் மூடி வைத்தது அந்த ஒரு சொல்லில் திறந்துவிடுகிறது. அதற்கு மேல் நான் படத்தில் எதையும் சொல்லவில்லை. ஆங்கிலத்துக்கு ஒரே அங்கிள். பிரெஞ்சுக்கும் ஒன்றுதான். அதனால் யாருக்கும் புரிவதில்லை. உங்களுக்கு எத்தனை?"

"எங்களுக்கும் ரெண்டு," என்றாள் நிரோ, நான் வாயைத் திறப்பதற்குள். "அப்பான்ர தம்பி சித்தப்பா. அம்மான்ர சகோதரம் மாமா."

பிர்கிதாவின் முகத்தை என்னால் மறக்க முடியாது. சின்னக் குழந்தைக்குக் கடலைக் காட்டினால் அப்படி ஒரு முகம் வரும். "அப்படியென்றால் நாளைக்கு உங்கள் ஆட்கள் மூச்சை நிறுத்துவார்கள். எங்கள் ஊரைத் தவிர வேறெங்கும் நான் அதைப் பார்த்ததில்லை," என்றார்.

பிய்த்த இடியப்பத்தைத் தட்டிலேயே வைத்தேன். லார்ஸின் தம்பியை முதல் காட்சியிலிருந்தே மாமாவாக்கி வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மாமா, ரேஷன் கடைக்காரர் மாமா, டிராபிக் போலீஸ் மாமா என்று சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லைத் தேய்த்து வைத்திருக்கிறோம். என் காது குத்தும்போது என்னை மடியில் வைத்துக்கொண்டவர் தாய்மாமன். அந்த உரிமை அவரைத் தவிர வேறு யாருக்கும் கிடையாது. தாய்மாமன், மோர்புரோர், இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். எங்கோ வடக்கே பனிக்கடல் ஓரத்தில் இருப்பவர்களுக்கும் நமக்கும் ஒரே கணக்கு. கையில் இப்படிப்பட்ட சொல்லை வைத்துக்கொண்டு இப்படி ஒரு பிழை செய்யத் தமிழச்சியால் மட்டுமே முடியும்.

நிரோவிடம் ரகசியமாகச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அன்ரி, இது சின்ன வேலை. மாமாவை எல்லாம் சித்தப்பாவா மாத்திப்போட்டு, மேசையில வாற ஒண்டை மட்டும் மாமா எண்டு விட்டாச் சரி." பிறகு கோயில் அறிவிப்புத் தாளின் பின்பக்கத்தில் படத்தின் குடும்பத்தை வரைந்தாள். லார்ஸ், ஹென்ரிக், காரென் மூன்று பேர் மேலே, இடா கீழே. "காரெனுக்கு அத்தை எண்டு போட்டிருக்கிறியள். எங்களுக்கு அது மாமி," என்றாள். மாமியிலிருந்து இடாவுக்கு ஒரு கோடு இழுத்தாள். "அப்ப மாமிதான் அம்மா." தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள்.

திரேசக்கா சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். அருளண்ணை, தட்டு நிறையச் சொதி இருக்கும்போதே, இன்னும் கொஞ்சம் சொதி கேட்டார். இதையெல்லாம் நான் பார்த்தேன். பார்த்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

சாப்பிட்டு முடித்து பிர்கிதாவை அவர் தங்கியிருந்த இடத்தில் விட அருளண்ணையும் நானும் போனோம். நகரத்தின் பழைய தெருக்களில் மாடிப்படியை வீட்டுக்கு வெளியே வைத்திருக்கிறார்கள். இரும்புப் படி, அதில் ஐஸ். அதில் ஏறிப் போய் ஒரு காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது தெருவில் சைரன் ஒலித்தது. பனியை அள்ள லாரிகள் வருகின்றன, வண்டியை எடுங்கள் என்பதற்கான சத்தம் அது. மாண்ட்ரியலில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியுமாம். அருளண்ணை காதில் விழாதவர் போல உட்கார்ந்திருந்தார். கீழே இறங்கினால் கார் இல்லை. இழுத்துப்போய்ப் பக்கத்தில் ஏதாவது ஒரு தெருவில் விட்டிருப்பார்கள், நாம்தான் தேட வேண்டும். நம் ஊரில் வண்டியைத் தூக்கினால் ஸ்டேஷனுக்குப் போனால் போதும். இங்கே தெருத்தெருவாகப் போக வேண்டியிருக்கிறது.

மூன்றாவது தெருவில் அவர் நின்றார். "தங்கச்சி, அந்தச் சொல்லை மாத்தவேண்டாம்."

"எதை?"

"மாமாவை. நீங்கள் போட்டது போட்டபடி கிடக்கட்டும்." மூக்கிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. "நிரோ என்ர தங்கச்சி பிலோவின்ர பிள்ளை."

அவர் நடந்துகொண்டே சொன்னார். "இடம்பெயர்ந்து காட்டுக்குள்ள கிடந்த நேரம். பிலோவுக்குப் பத்தொன்பது வயசு. கட்டுறதா இருந்த பெடியன் அரிசி வாங்கப் போனவன், திரும்பி வரேல்லை. பேந்து பிள்ளை பிறந்தது. சனத்தின்ர வாய்க்குப் பயந்து அவள் சாகப் போனவள். திரேசாதான் பிள்ளையைத் தூக்கினவ. இது எங்கட பிள்ளை, நீ மாமி எண்டு சொன்னவ. அந்த நாளில இருந்து அப்பிடித்தான்."

பிலோ இப்போது பக்கத்திலேயே கர்க்லாண்டில் கணவரோடும் இரண்டு பையன்களோடும் இருக்கிறார். கணவருக்குத் தெரியும். நிரோவுக்கும் பையன்களுக்கும் தெரியாது. நாளைக்குப் படம் பார்க்க பிலோவும் வருகிறார், டிக்கெட் எடுத்தவளே நிரோ. மேசையில் கேட்ட கதையை நிரோ மறந்துவிடுவாள் என்றார் அருளண்ணை. "ஆனா தியேட்டரில அந்தச் சொல் வந்து, சனம் முழுக்க மூச்சைப் பிடிக்கிற நேரம், பிள்ளை திரும்பிப் பிலோவின்ர முகத்தைப் பாத்தா? எங்கட முகத்தைப் பாத்தா? எங்களுக்கு நடிக்கத் தெரியாது தங்கச்சி." கார் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே கிடைத்தது. கண்ணாடியில் இருந்த பனியை அவர் சுரண்டி முடிக்கும்வரை நான் பக்கத்திலேயே நின்றேன்.

ஒரு பக்கம், எங்கே போனாலும் புரியாத தன் சொல்லுக்கு ஒரு தியேட்டர் கிடைத்துவிட்டது என்று பூரித்துப்போயிருக்கும் கிழவி. இன்னொரு பக்கம் இந்த மனிதர். எழுதுகிறவளுக்குச் சொல்தான் பெரிது என்று மேடையில் பேசியிருக்கிறேன். அன்று அந்தப் பேச்சு எதற்கும் உதவவில்லை. பிழை என் பிழை, அதை விட்டுவைத்தால் ஒரு வீடு நிற்கும் என்றால் நிற்கட்டும் என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு காலை பூசைக்குப் புறப்படும்முன் நிரோ கம்ப்யூட்டரோடு வந்து உட்கார்ந்தாள். "மாற்ற வேண்டாம்மா. நடுவில் மாற்றினால் சனங்களுக்குக் குழப்பமாயிடும்," என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "நீங்கள் பொய் சொல்லேக்க கண்ணாடியைத் துடைக்கிறியள் அன்ரி."

கையிலிருந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன்.

"பிழை எண்டு தெரிஞ்சும் விட்டா, பேந்து அதுவே பழகிப்போயிடும் எல்லோ?" என்றாள். நான் கோட்டைத் தேடி எழுந்ததும், "சரி, நான் தியேட்டருக்கு அனுப்பிவிடுறன்," என்று கம்ப்யூட்டரை மூடினாள்.

தியேட்டரில் நூற்றைம்பது பேர் இருக்கும். கோட்டுகளை மடியில் மூட்டையாக வைத்துக்கொண்டு, இருமிக்கொண்டும் நலம் விசாரித்துக்கொண்டும் இருந்தார்கள். எங்கள் வரிசையில் பிர்கிதா, பக்கத்தில் நான், பிறகு நிரோ, அருளண்ணை, திரேசக்கா, கடைசியில் பிலோ. மெலிந்த, அமைதியான பெண். நிரோவின் நெற்றியும் அவர் நெற்றியும் ஒன்றுதான். தெரிந்த பிறகு அது மட்டும்தான் கண்ணில் பட்டது. பிர்கிதா என் காதில், "நான் படத்தைப் பார்க்கப் போவதில்லை, ஆட்களைத்தான் பார்க்கப் போகிறேன்," என்றார். எனக்கு அவர் பக்கத்தில் உட்காரவே கூசியது.

நாலாவது நிமிடம். ஹென்ரிக் தொழுவத்திலிருந்து வருகிறார், இடா கூப்பிடுகிறாள். திரையின் அடியில் வந்த எழுத்து: 'சித்தப்பா'.

திரும்பி நிரோவைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அருளண்ணை என்னைப் பார்த்தார். வீட்டில் சோறு போட்டவர் அப்படிப் பார்த்தால் யாரும் தாங்க முடியாது. மாற்றியது நான் இல்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு 'சித்தப்பா'வையும் எண்ணினேன். எழுந்து போய் மெஷினை நிறுத்தலாமா என்றுகூட யோசித்தேன்.

மேசைக் காட்சி வந்தது. உருளைக்கிழங்கு ஆவி பறக்கிறது. ஹென்ரிக் சிரித்துக்கொண்டே வாயைத் திறக்கிறார். 'மாமா கொண்டுபோய் விடுகிறேன்.'

இருமல் நின்றது. கோட்டுகளின் சரசரப்பு நின்றது. நூற்றைம்பது பேர் ஒன்றாக மூச்சை உள்ளே இழுத்த சத்தத்தை நான் கேட்டேன். இப்படி ஒன்றை நான் என் வாழ்க்கையில் கேட்டதில்லை. ஒற்றைச் சொல். நான் தேய்த்துப் போட்டிருந்த அதே சொல். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா வாய்விட்டுச் சொன்னார்: "ஐயோ மாதாவே, அப்ப மாமி எல்லோ தாய்!"

பிர்கிதா என் கையை இறுக்கிப் பிடித்தார். அவர் அழுதுகொண்டிருந்தார். எனக்கும் அழுகை வந்தது. ஆனந்தமா பயமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

எங்கள் வரிசையின் கடைசியில், திரேசக்கா பிலோவுக்கு ஒரு டோஃபிப் பையை நீட்டியிருந்தார். அந்தக் கை அப்படியே நின்றிருந்தது. பிலோ மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அருளண்ணை கண்ணை மூடியிருந்தார். நிரோ மெதுவாக எழுந்து, அப்பாவைக் கடந்து குனிந்து, அந்தரத்தில் நின்ற கையிலிருந்து பையை வாங்கினாள். பிலோவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடித்துவிட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்து மறுபடி திரையைப் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எத்தனை நாளாகத் தெரியும் என்று நான் அவளைக் கேட்கவில்லை, இன்றுவரை.

கடைசிக் காட்சி. வாசலில் பெட்டியோடு இடா. மேசையில் லார்ஸ். அவள் கேட்கும் கேள்விக்கு நான் எழுதியது 'வர்றீங்களா?' மட்டும்தான். ஆங்கிலப் பிரதியில் அவ்வளவுதான் இருந்தது. இடம் போதாது என்று கூப்பிடும் சொற்களை வெட்டுவது எங்கள் தொழிலில் சகஜம். ஆனால் இடா ஒரு சொல்லைச் சேர்த்துத்தான் கேட்கிறாள், இப்போது என் காதிலும் விழுந்தது: ஃபார். மேசையில் பிர்கிதா சொல்லிக்கொடுத்த முதல் சொல். நிரோ அதைக் கேட்டிருக்கிறாள், அது என் வரியில் இல்லாததைப் பார்த்திருக்கிறாள். திரையில் என் சென்னைத் தமிழ் இல்லை.

'அப்பா, வாறியளோ?'

தங்கள் ஊர்ப் பேச்சைத் திரையில் பார்த்த சந்தோஷத்தில் தியேட்டர் கலகலத்தது. அருளண்ணை சிரிக்கவில்லை. அந்த எழுத்து மறைந்த பிறகும் அது இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு வந்தது, கைதட்டினார்கள், பிர்கிதாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள், பேசி முடித்தார், ஆட்கள் கோட்டு மாட்டிக்கொண்டு கலைந்தார்கள். அவர் எழவே இல்லை.

நிரோ பிலோவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, அவர் கைகளுக்குக் கையுறையை மாட்டிவிட்டாள். "வெளியில சரியான குளிர் மாமி," என்றாள். பிலோ அவள் தலையில் கையை வைத்தார். பிறகு அவள் அருளண்ணையின் கனத்த கோட்டை எடுத்துக்கொண்டு நடைபாதையில் போய் நின்றாள், ஒரு கையில் கார்ச் சாவி.

"அப்பா, வாறியளோ?"

அவர் எழுந்தார். கோட்டின் கைக்குள் கை போக மறுத்தது, அவள் பிடித்து நுழைத்துவிட்டாள்.

"ஓம் பிள்ளை," என்றார். "வாறன்."